மூன்றாவது குளிசை

என் மனைவி பள்ளிக்கூடச் சீருடை போட்ட காலத்திலிருந்து இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். முதலாம் வகை நீரிழிவு. கணையம் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டது, பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. அதோடு அவர் நன்றாகவே காலம் தள்ளினார். போர்க்காலத்தில், நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் குடியிருந்தபோது, இரத்த அழுத்தமும் வந்து சேர்ந்தது.

சிறுநீரில் புரதம் இலேசாகத் தெரிகிறது என்றார் டொக்டர். நீரிழிவோடு அழுத்தமும் கூடினால் சிறுநீரகம் தாங்காது. சிறுநீரகத்தையும் காக்கும் வகையான ஒரு குளிசை தந்தார். போதவில்லை. இரண்டாவதைச் சேர்த்தார். அழுத்தம் சற்று இறங்கி, சில மாதங்களில் பழைய இடத்துக்கே ஏறியது. மூன்றாவது என்று வாயெடுத்ததும் மனைவி கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மூண்டாவதும் போட்டால் அடுத்தது ரத்தம் சுத்திகரிக்கிற மெசின்தான் டொக்டர்."

"அம்மா, மெசினுக்குப் போகாமல் இருக்கத்தான் குளிசை. சரி, ஒரு மாசம் பாப்பம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாத்தையும் விடுங்கோ."

நான் அரசாங்கக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவன். கணக்கு உதைத்தால் புதிதாகக் கொள்வனவு செய்ய மாட்டோம். முதலில் இருப்பைச் சரிபார்ப்போம். அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கினேன். அதற்கும் முறை உண்டு. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், முன்னதாகத் தேத்தண்ணீர் கூடாது, சிறிது நேரம் பேசாமல் உட்கார வேண்டும். கடைசி நிபந்தனைதான் எங்கள் வீட்டில் கடினம். ஆனால் டொக்டரின் அறையில் வந்த எண்தான் வீட்டிலும் வந்தது. டொக்டரைக் கண்ட பயத்தில் ஏறுகிறது என்ற சாக்கு அத்தோடு முடிந்தது.

உப்பைக் குறைத்தோம். தேங்காய்ப்பால் சொதி வெந்நீரை நெருங்கியது. அழுத்தம் அசையவில்லை.

"என்னப்பா, உப்பையும் பறிச்சாச்சு. இனிக் கண்ணீரையும் அளப்பீங்களோ?"

"அதிலையும் உப்பு இருக்கு. அழாதையும்."

மனைவி நகரின் மறுபக்கம், கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தார். காலையில் இன்சுலினை ஏற்றி, அரைகுறையாகச் சாப்பிட்டு, பஸ் ஏறுவார். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி நிறுத்துவார்கள். இன்சுலின் அதற்காகக் காத்திருக்காது. சர்க்கரை இறங்கி உடம்பு நடுங்கும், வியர்க்கும். அதற்கென்று குளுக்கோசுத் தூளைக் கடதாசியில் மடித்துக் கொண்டுபோனார். வெள்ளைத் தூளைக் கண்டதும் அவரைத் தனியே நிறுத்திவைத்து விசாரித்தார்கள். அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டதாகப் பிறகு சொன்னார். மூடிய கோப்புகளை நான் திறப்பதில்லை.

டொக்டர் சொன்ன மாதம் முடிந்தது. அவருடைய கிளினிக்கும் கொட்டாஞ்சேனையில்தான். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். சாவடியில் நின்ற இராணுவப் பெண் என் மனைவியைக் கண்டதும் பையைத் திறக்கவே இல்லை. சிரித்தாள்.

"ஆன்ட்டி, தாமத் படே அமாருத?"

இன்னும் வயிற்று வருத்தம் மாறவில்லையா என்று சிங்களத்தில் கேட்கிறாள். "ஒவ், நங்கி", ஓம் தங்கச்சி, என்று மனைவியும் சிரித்துக்கொண்டே கடந்தார்.

பஸ் புறப்பட்டதும் கேட்டேன். "உமக்கு எப்ப வயித்தாலை போனது?"

"சும்மா அப்பா. குளுக்கோசைக் கண்டால் வெடிமருந்து எண்டு நினைக்கினம். இது ஒட்டின பக்கற், மூண்டு பாசையிலையும் எழுதியிருக்கு. ஆரும் ஒண்டும் கேக்கிறேல்லை."

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வயிற்றோட்டக்காரர் கரைத்துக் குடிக்கும் பொடி. அதில் சர்க்கரை இருப்பது உண்மை. பின்பக்கத்தைத் திருப்பினேன். உப்பும் தாராளமாக இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"ஒண்டு. கனநேரம் நிப்பாட்டினால் ரெண்டு." நான் விரல் வைத்த வரியை வாசித்து, "ஐயோ" என்றார். இரண்டாவது குளிசை தோற்ற கதை அவருக்கே விளங்கிவிட்டது.

டொக்டர் பக்கற்றை வாசித்து முடித்துத் தலையில் கை வைத்தார். "அம்மா, கருவாட்டை விட்டுட்டுக் கடலைக் குடிச்சிருக்கிறீங்கள்."

மூன்றாவது குளிசையை அவர் எழுதவில்லை. காலை இன்சுலினைச் சற்றுக் குறைத்தார். முழுச் சாப்பாடு சாப்பிட்ட பிறகே பஸ் ஏறவேண்டும், நடுக்கம் கண்டால் இனிப்பு டொபி, அது தணிந்ததும் பிஸ்கட் என்று சொன்னார்.

"டொபியைச் சாவடியில பிடிச்சால்?"

"அந்தப் பிள்ளைக்கும் ஒண்டு குடுங்கோ."

வாரக்கணக்கில் வீட்டில் அளந்தேன். அழுத்தம் படியிறங்கியது. டொக்டர் இரண்டாவது குளிசையைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தினார். அடுத்தடுத்த பரிசோதனைகளில் புரதம் கூடவில்லை. முதலாவது மட்டும் தொடரவேண்டும் என்றார். அழுத்தம் சரியாக இருந்தாலும் சிறுநீரகத்துக்கு அது வேண்டும். அது சிலருக்கு வறட்டு இருமல் தருவது. மனைவிக்கும் இலேசாக வந்தது. வேறு ஒன்றுக்கு மாற்றட்டுமா என்று டொக்டர் கேட்டார்.

மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "வேண்டாம் டொக்டர். மாத்தினால் அது மூண்டாவது குளிசை. இது எனக்குப் பழகிட்டுது. இருமினால் இருமிறன்."