சக்கைத் திடலில் இறங்கிய விமானம்

என் அத்தையின் கல்யாணத்தை முடித்துவைத்தது ஒரு வெள்ளைக்கார விமானியின் தப்புக்கணக்கு என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த விமானம் விழுந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆம்பூரில், பாலாற்றங்கரையில் இருந்த, தோல் பதனிடும் ஒரு ஷாப்புக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா அங்கே மேஸ்திரி. அப்பாவின் தங்கையான என் அத்தை அங்கேயே தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டையை இடித்து, தொட்டியில் போட்டுக் கலக்குகிற வேலை செய்தாள். சாறு பட்டுப் பட்டு அவள் உள்ளங்கை இரண்டும் பழுப்பேறிக் கிடந்தன. இருபத்து மூன்று வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கு அந்தக் கைகள்தான் காரணம் என்பது அம்மாவின் தீர்ப்பு. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் சரியில்லை என்றார்கள். அடுத்து வந்தவர்கள் வீட்டு வாசல் சரியில்லை என்றார்கள். இரண்டு கூட்டமுமே தட்டை வாங்கும்போது அவள் கையைத்தான் பார்த்தது.

மூன்றாவதாக வந்தவர் ஜோலார்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தார். எங்கள் ஷாப்புக்கு வரும் பட்டை மூட்டையெல்லாம் அவர் கண்ணெதிரே ஏறி இறங்கித்தான் வரும்.

அன்று காலையிலிருந்து அம்மா புளியும் சாம்பலும் போட்டு அத்தையின் கையைத் தேய்த்தாள். பித்தளைக் குடமாக இருந்தால் பளபளத்திருக்கும். கை எரிந்ததுதான் மிச்சம். கடைசியில், கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொள், தட்டை நான் நீட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இதுவும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. சுசியத்துக்கு உருட்டிவைத்த பூரணத்தில் இரண்டு உருண்டை தின்றதும் சரியாகிவிட்டது.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அத்தை உள்ளேயிருந்து ஒரு காலை வெளியே வைத்தாள். அப்போதுதான் வானத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் பெண்ணை விட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். நாங்களும் ஓடினோம்.

பட்டாளத்துச் சண்டை விமானம். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அடுக்கு இறக்கை. பெங்களூருக்குப் போகிறவன் மேகத்தில் வழி தவறி, எண்ணெய் தீர்ந்துபோய், இறங்க இடம் தேடிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பாலாறு, அரை மைல் அகலத்துக்கு இறுகிக் கிடந்த மணல். அதை விட்டுவிட்டு அவன் தேர்ந்தெடுத்தது எங்கள் சக்கைத் திடலை.

சாறு இறங்கிய பட்டையைப் பல வருஷமாகக் கொட்டிவந்த இடம் அது. மேலே காய்ந்து கவாத்து மைதானம் மாதிரி மட்டமாக இருக்கும். கீழே இடுப்பளவு சேறு. எங்கள் ஊர் எருமைகூட அதில் கால் வைக்காது. விமானம் ஒய்யாரமாக வந்து சக்கரத்தை வைத்தது. அடுத்த நொடி மூக்கு உள்ளே போய், வால் ஆகாயத்தைப் பார்த்து நின்றது. விமானி வார்ப்பட்டையில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான்.

உள்ளூர் ஆண்கள் கயிறு எடுக்கப் போனார்கள். விவரம் தெரியாத மாப்பிள்ளை, புது வேட்டியோடு திடலுக்குள் நேராக ஓடினார். பத்தாவது அடியில் இடுப்புவரை இறங்கிவிட்டார். வானத்தில் வந்தவன் செய்த தப்பையே ரயிலில் வந்தவரும் செய்தார். அவருடைய அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை பட்டைக் கொட்டகைக்கு ஓடி, ஒரு கட்டுக் கோணிப்பையை இழுத்துவந்தாள். ஒரு கோணியை விரித்து, அதில் மண்டி போட்டு, அடுத்ததை விரித்தாள். சக்கையின் மேல் அப்படித்தான் போகவேண்டும். அம்மாவின் பட்டுப்புடவையை அன்றைக்கு அவள்தான் கட்டியிருந்தாள். அம்மா அதை நினைத்துக் கூவியது எனக்கு மட்டும்தான் கேட்டது. மாப்பிள்ளையை நெருங்கியதும், காலையிலிருந்து ஒளித்துவைத்த இரண்டு கைகளையும் அத்தை நீட்டினாள்.

"கையக் குடுங்க. கால ஒதறாதீங்க, இன்னும் எறங்கிடுவீங்க."

அவர் கொடுத்தார். பிறகு இரண்டு பேருமாகக் கோணி விரித்துக்கொண்டே போய் விமானியின் வாரை அவிழ்த்தார்கள். அவன் தொப்பென்று சக்கையில் விழுந்தான். மூக்கில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்குப் போட்ட பாயில் விமானி உட்கார்ந்து ஒன்பது சுசியம் தின்றான். ஏன் ஆற்றில் இறங்கவில்லை என்று ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர் இங்கிலீஷில் கேட்டார். மணல் புதைந்துவிடும் என்று பயந்தானாம். அப்பா சிரித்த சிரிப்பில் அவனும் சேர்ந்துகொண்டான்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை அத்தையின் கையில் இருந்தது. அதைப் பார்த்த அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளை அண்டாத் தண்ணீரில், சக்கைக் கறை ஏறிப் பழுப்பான கையைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, நிமிர்ந்து அத்தையையே கேட்டார்.

"இன்னாங்க, இது போவுமா?"

"உங்களுக்கு ஒரு வாரத்துல போய்டும்," என்றாள் அத்தை. "எனக்குத்தான் போவாது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மகனுடைய கையைப் பார்த்தாள், அத்தையின் கையைப் பார்த்தாள். பிறகு பாயில் விமானிக்குப் பக்கத்தில் இடம் பண்ணி உட்கார்ந்தாள்.

"தட்ட அந்தப் பொண்ணே கொண்டாரட்டும்."

விமானத்தைப் பட்டாளத்துக்காரர்கள் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டுவண்டிகளில் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் கழித்துக் கல்யாணம். தாலி கட்டும்போது நான் மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றேன். மாமாவின் உள்ளங்கைகள் அத்தையினுடையவை போலவே பழுப்பாக இருந்தன. நேற்றுத்தான் தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி சாயம் ஈரமாகத் தெரிந்தது. ஒரு வாரத்தில் போய்விடும் என்றாயே, இன்னும் போகவில்லையே என்று எல்லாருக்கும் கேட்கும்படி அத்தையிடம் கேட்டுவிட்டேன். அத்தை குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாமா அவசரமாக மேளக்காரரைப் பார்த்தார்.

இத்தனை வருஷம் பட்டை இடித்தும் அத்தைக்குக் கறையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று அன்றைக்கு அவளுக்காக நான் ரொம்ப வருத்தப்பட்டேன்.