பல்செட்காரரும் புதுப் பாடகரும்

பல்செட்காரரிடம் எதைப் பற்றியும் வாதம் செய்யலாம். கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு அவரே இறங்கி வந்துவிடுவார். இரண்டே விஷயங்களில் மட்டும் மசிய மாட்டார். ஒன்று, மேல்வரிசை முன்பற்கள். இன்னொன்று, ஒரு ஹெவி மெட்டல் குழுவின் முதல் பாடகர்.

முன்பற்கள் அவருடைய பிழைப்பு. மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் உட்கார்ந்து, பல் மருத்துவர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளின் மேல் மெழுகு பூசி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து முழு செட் செய்து கொடுப்பார். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் பழைய செட் ஒன்று ரிப்பேருக்கு வந்தால் போதும், ஆசாமி எந்தப் பக்கமாக மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரா என்பதெல்லாம் தேய்மானத்திலேயே தெரிந்துவிடும். பல்லை ரொம்ப நேராக அடுக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. "எல்லாம் ஒரே மாதிரி நின்னா அது பல் இல்ல, பியானோ கட்டை" என்பார். இதற்காக ஒரு மருத்துவரோடு சண்டை போட்டு, அவர் தந்துவந்த வேலையையே விட்டவர்.

குழுவின் கதை வேறு. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன குழு அது. ஐந்து பேராகக் கிளம்பியதில் இன்றைக்கு மிச்சம் இருப்பவர் டிரம்ஸ்காரர் ஒருவர்தான். பேஸ் கிட்டார்காரர் கோபித்துக்கொண்டு போவதும், இரண்டு ஆல்பம் கழித்துச் சமாதானமாகித் திரும்புவதும், மறுபடி கிளம்புவதுமாக இருந்து, கடைசியில் மீன் பண்ணை வைத்துவிட்டார். இரண்டாவது கிட்டாரில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்று அந்தக் குழுவுக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். பல்செட்காரருக்கு நினைவிருக்கும். எந்த ஆல்பத்தில் யார் வந்தார், எதன் அட்டையில் ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க உள்ளே வாசித்தது வேறொருவர் என்று தலைகீழாக ஒப்பிப்பார். மாமனார் வீட்டு உறவுமுறைகள்கூட அவருக்கு இவ்வளவு தெளிவாக வராது.

போனவர்களையெல்லாம் அவர் மன்னித்தார். வந்தவர்களையும் மன்னித்தார். ஐந்தாவது ஆல்பத்தோடு முதல் பாடகர் விலக, அந்த இடத்துக்கு ஒருவர் வந்தாரே, அவரை மட்டும் மன்னிக்கவில்லை. அவருக்குப் பல்செட்காரர் வைத்த பெயர் 'புதுசு'. புதுசு வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. தலை வெளுத்துவிட்டது, மேடையில் முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். இருந்தாலும் இவருக்குப் புதுசு புதுசுதான். புதுசு பாடிய எதையும் காதில் வாங்குவதில்லை என்று சபதம். ஆனால் பத்திரிகையில் அந்த ஆல்பங்களைப் பற்றி ஒரு வரி வந்தாலும் விடாமல் படிப்பார். பிடிக்காத பக்கத்து வீட்டில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று ஜன்னல் வழியே பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

இதில் அவருக்கு வாய்த்த எதிராளி, மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். புதுசின் குரல் வழியாகத்தான் அந்தக் குழுவுக்கே வந்து சேர்ந்தவர். வாரா வாரம் அக்கா வீட்டுக்கு வருவார், சாப்பாட்டு மேஜையில் உட்காருவார், ஆரம்பித்துவிடுவார்.

"அதுக்கப்புறம் எத்தனை ஆல்பம் வந்திருக்கு மாமா! ஒண்ணையாவது கேட்டீங்களா?"

"முதலாளி போன கடையில சரக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"கேக்காமலே எப்படி மாமா திட்டுறீங்க?"

"கேட்டுட்டுத் திட்ட ஆயிரம் பேர் இருக்கான் மாப்ளே. கேக்காம திட்டணும்னா அதுக்கு ஒரு கொள்கை வேணும்."

மைத்துனர் தலையில் அடித்துக்கொள்வார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு, மறுபடி தொடங்குவார்கள். இப்படிச் சண்டை போடுவதில் இருவருக்கும் இருந்த சந்தோஷத்தை வேறு எந்தப் பொழுதுபோக்கும் தந்ததில்லை என்றே சொல்லலாம்.

வாதம் முற்றும்போது பல்செட்காரர் எடுத்து வீசும் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு: அந்த வெளிவராத பாட்டு.

அவருடைய மகள் நாள் நிறைவதற்கு முன்பே பிறந்தவள். உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் இவர் கிடையாய்க் கிடந்தார். கையில் ஒரு வாக்மேன். அசல் கிடைக்காததால் கேசட் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய ஐந்தாவது ஆல்பம் அதற்குள். இரண்டாவது பக்கத்தின் முடிவில், மற்றவை எல்லாம் ஓய்ந்த பிறகு, மெதுவாக ஒரு பாட்டு வரும். இரைச்சல் கிடையாது, ஒற்றைக் கிட்டார், அடித்தொண்டையில் ஒரு குரல், அப்புறம்தான் டிரம்ஸ். பேட்டரி தீர்ந்துவிடாமல் இருக்கக் கேசட்டைப் பேனாவில் மாட்டிச் சுற்றிச் சுற்றி அதையே கேட்டார். நடக்க முடிந்ததும் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். பெட்டியிலிருந்து குழந்தை வெளியே வந்த பிறகும் அந்தப் பாட்டு அவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

பிற்பாடு அசல் கிடைத்தபோது அதில் அந்தப் பாட்டைக் காணோம். ஆக, முதல் பாடகர் கடைசியாகப் பாடி, கம்பெனி வெளியிடாமல் அமுக்கிவிட்ட பாட்டு அது, எப்படியோ கேசட் கடைக்காரர் கைக்கு வந்திருக்கிறது என்று பல்செட்காரர் முடிவு கட்டினார். கடைக்காரரைக் கேட்கலாம் என்றால் அவர் கடையை மூடிவிட்டு ஊர் மாறியிருந்தார். கொஞ்ச காலத்தில் வீட்டு டேப் ரிக்கார்டர் அந்தக் கேசட்டையே தின்றுவிட்டது. அன்றைக்குப் பல்செட்காரர் வாய்விட்டு அழுதார்.

"அப்படி ஒரு பாட்டே கிடையாது மாமா. எங்க, பாடிக் காட்டுங்க" என்பார் மைத்துனர். இவரும் கூச்சப்படாமல் முனகிக் காட்டுவார். எந்தப் பாட்டை முனகினாலும் பாலிஷ் மெஷின் ஓடுவது போலவே கேட்கும் தொண்டை அவருக்கு. அதை வைத்துக்கொண்டு பெற்ற தாயாலும் பாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் அந்தக் குழு, இதுதான் தங்கள் கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்துவிட்டது. இந்த நகரத்துக்கும் வருகிறார்கள். அந்த வாரம் மைத்துனர் வாதம் எதுவும் செய்யாமல் இரண்டு டிக்கெட்டுகளை மேஜை மேல் வைத்தார்.

"ஒண்ணு உங்களுக்கு."

பல்செட்காரர் விரலால் அதைத் திருப்பித் தள்ளினார். "பழையவர் வந்தா சொல்லு. வரேன்."

மைத்துனருக்கு முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு வருஷம் சண்டை போட்டதுக்கு ஒரு நாள் சேர்ந்து நின்னு கேட்டுட்டு வரலாம்னு பாத்தேன். அவ்வளவுதான் மாமா" என்று எழுந்து போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் போனில் ஏதோ லிஃப்ட் நின்றுவிட்டது என்றார். எதிராளி இல்லாத மேஜையில் பல்செட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகச் சபதத்தை விடுவதா? முப்பது வருஷம் பேசிய பேச்சு என்னாவது?

மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர். வீட்டில் அதிகம் பேச மாட்டாள். பேச வேண்டியதை அங்கேயே பேசித் தீர்த்துவிடுவாள் போலிருக்கிறது. அவள்தான் சொன்னாள்:

"கேட்டுட்டுத் திட்டுங்க. புதுசு வந்ததுலேருந்து வரிசையா எல்லாத்தையும் கேளுங்க. அப்பவும் பிடிக்கலைன்னா நானே அவன்கிட்ட சொல்லிடறேன், மாமாவை இனிமே தொந்தரவு பண்ணாதேன்னு."

திட்டுவதற்குப் புதிய விஷயம் கிடைக்குமே என்ற ஒரே காரணத்துக்காகப் பல்செட்காரர் சம்மதித்தார். மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆறாவது ஆல்பத்தைப் போட்டுவிட்டு, மெழுகுக் கத்தியைக் கையில் எடுத்தார். ஆளில்லாத அறையில் விமர்சனம் உரக்கவே நடந்தது. "கத்தறான். சும்மா கத்தறான். டிரம்ஸ் பரவாயில்ல, அது நம்மாளு." நாலாவது பாட்டில் கால் தானாகத் தாளம் போட்டது. குனிந்து காலை முறைத்தார், கால் நின்றது. இரண்டு பாட்டு கழித்து மறுபடி போட்டது. அதைப் பார்க்காதவர் போல இருந்துவிட்டார்.

அடுத்த நாள் ஏழாவது ஆல்பம். மேல்வரிசை முன்பற்கள் ஆறையும் பதித்து முடித்து, ஈறுக்கு மெழுகை இழைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு வந்தது. ஒற்றைக் கிட்டார். அடித்தொண்டையில் ஒரு குரல்.

சூடான கத்தி வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. மெழுகு இளகி, முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. அவர் கவனிக்கவில்லை.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. திருட்டுப் பயல்கள், பழையவரின் பாட்டை எடுத்துப் புதுசைப் பாட வைத்துவிட்டார்கள் என்று பொங்கினார். திரும்பப் போட்டார். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் பாடகர் சட்டென்று ஒரு மூச்சு இழுக்கிறார். அந்த மூச்சு பல்செட்காரருக்குப் பழக்கமான மூச்சு. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அதற்காகக் காத்திருந்து தானும் கூடவே மூச்சு இழுத்தவர் அவர். இது வேறு ஆள் பாடியதில்லை. அன்றைக்குக் கேட்டது இதேதான், இதே ஆள்தான்.

அப்போதுதான் கேசட் கடைக்காரரின் பழக்கம் நினைவுக்கு வந்தது. ஆல்பம் முடிந்த பிறகு பக்கத்தில் டேப் மிச்சம் இருந்தால் அந்த மனிதருக்குப் பொறுக்காது. "காலி டேப்பை எப்படிங்க கொடுக்கறது?" என்று, கடைக்குப் புதிதாக வந்த எதிலிருந்தாவது ஒரு பாட்டைப் போட்டு நிரப்பித்தான் கொடுப்பார். எல்லோருக்கும் அப்படித்தான் செய்தார். அந்த வருஷம் புதிதாக வந்தது இந்த ஏழாவது ஆல்பம். குரலைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டியவர், வாழ்க்கையில் தனக்கு மிகப் பிடித்த பாட்டைப் பாடியவரையே முப்பது வருஷமாக வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்.

பல்செட்காரருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால், தொலைந்துபோன பாட்டு திரும்பக் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் வெட்கத்தைக் கொஞ்ச நேரத்தில் விழுங்கிவிட்டது. வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, அலுக்கும் மட்டும் கேட்டார். அலுக்கவில்லை.

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றார்.

"அந்தப் பாட்டு... வெளிவராத பாட்டு..."

"ஏழாவதுல கடைசி" என்றாள் அவள், துண்டை உதறியபடி.

பல்செட்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தம்பி, அவன் வீட்டுல ஒரு நாள் போட்டான். குரல் தெரியாதா எனக்கு? அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்."

"எப்ப?"

"நம்ம பொண்ணு ஸ்கூல் போக ஆரம்பிச்ச புதுசுல."

"அடிப்பாவி! அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா புதுசு பாடினதுன்னு அந்தப் பாட்டையும் விட்டிருப்பீங்க" என்றாள். "உங்ககிட்ட அது இருக்கட்டும்னு தோணிச்சு. இவ்வளவு நாள் சொல்லலை. இப்பவும் கேக்க வைக்காம விட்டா, அந்த மனுஷன் நேர்ல பாடிக் கேக்க முடியாமப் போயிடுமே."

அவர் ஒரு சட்டையை எடுத்து, தன்னால் முடிந்த அளவுக்குக் கோணலாக மடித்து வைத்தார். அவள் அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மைத்துனருக்குப் போன் செய்து, "டிக்கெட் இருக்கா, இல்ல யாருக்காவது கொடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். எதற்கு, ஏன் என்று சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாகத் தோல்வியை ஒப்புக்கொள்ள மனசு வந்துவிடுமா என்ன? அக்கா ஏதோ மிரட்டியிருக்கிறாள், மாமா மரியாதைக்கு வருகிறார் என்று மைத்துனர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று இவரும் விட்டுவிட்டார்.

உள்ளரங்கம் நிரம்பி வழிந்தது. நரைத்த தலைகளும் கறுப்பு பனியன்களுமாக ஒரே நெரிசல். தரை அதிர்ந்தது, பல்செட்காரரின் கடைவாய்ப் பல் வரைக்கும் அந்த அதிர்வு ஏறியது. பாதி நிகழ்ச்சியில் விளக்குகள் தணிந்தன. பாடகருக்கு உயரமான ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி உட்கார்ந்தார். ஒற்றைக் கிட்டார் தொடங்கியது.

முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியில் குரல் பிசிறியது. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏற முடியாமல் பாடகர் பாதியிலேயே நிறுத்தி, மைக்கைத் தாழ்த்தி, மூச்சு வாங்கினார். கூட்டம் அந்த வரியைப் பாடி முடித்தது. மைத்துனர் பதறிப்போய் இவர் முன்னால் வந்து நின்று காதருகே கத்தினார்.

"இது அவர் குரலே இல்ல மாமா! உடம்புக்கு முடியல போலிருக்கு. முன்னாடியெல்லாம் இந்த இடத்துல எப்படிப் பாடுவார் தெரியுமா? நீங்க மொத தடவையா கேக்க வந்த அன்னைக்கா இப்படி ஆகணும்?"

பல்செட்காரரின் கண்கள் மேடையை விட்டு நகரவில்லை. இரண்டு கன்னமும் நனைந்திருந்தன.

"மொத தடவைன்னு யாருடா சொன்னா? உன் அக்கா மக கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தப்ப, வெளிய எனக்குத் துணைக்கு உக்காந்து பாடினதே இவர்தான்டா. தள்ளி நில்லு மாப்ளே, மறைக்குது."

மைத்துனர் தள்ளி நின்றார்.