பார்க்காமல் எழுதிய கொக்கோத் தோட்டம்

திரினிதாத் தீவில் ஒரு கொக்கோத் தோட்டத்தைப் பார்க்கும் முன்பே அதைப் புகழ்ந்து ஊருக்குக் கடிதம் எழுதினேன். பார்த்த பிறகு உண்மையை எழுதவில்லை. நான் செய்த குற்றம் இதுதான். எழுபது வயதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கொல்லம் ஆண்டு 1105, அதாவது 1930, தை மாதம் கொழும்பில் கப்பலேறினோம். நான் மலைத்தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. கூட வந்தவன் அந்தத் தோட்டத்துத் துரை. திரினிதாதிலும் அவனுக்கு ஒரு கொக்கோத் தோட்டம் இருந்தது. அதன் பங்குகளை எங்கள் ஊரான அருமனைப் பக்கம் விற்க எண்ணியிருந்தான். லண்டனில் கப்பல் மாறி, நாற்பத்தோராம் நாள் காலை போர்ட் ஆப் ஸ்பெயினில் இறங்கினோம்.

அந்தத் தீவில் பணம் விளைகிற இடங்கள் நான்கு. நடுச் சமவெளியில் கரும்பு. தெற்கே எண்ணெய்க் கிணறுகள். அதையொட்டித் தார் ஊறும் ஏரி; அதன்மேல் ஆள் நடக்கலாம். வடக்கு மலையடிவாரத்தில் கொக்கோ. முதல் மூன்றும் பெரிய கம்பெனிகளின் கையில். சிறு முதலோடு நுழைய முடிவது கொக்கோவில்தான் என்றான் துரை. மாலை நான்கு மணிக்குத் தபால் கப்பல் போகிறதென்று அவசரப்படுத்தினான். விடுதி வராந்தாவில் உட்கார்ந்து, "காய் தாங்காமல் மரங்கள் வளைந்து நிற்கின்றன" என்று எழுதினேன். அருமனையில் வெளிநாட்டுக் கடிதம் எது வந்தாலும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் சபையில் வாசிப்பார். அங்கே வாசித்ததை வேதப்புத்தகத்துக்கு அடுத்தபடியாக நம்புவார்கள். அது தெரிந்துதான் எழுதினேன்.

மறுநாள் அரிமா வரை பதினாறு மைல் ரயில்; அப்புறம் ஏழு மைல் கழுதை வண்டி. தோட்டமா அது! கிளை நுனியெல்லாம் வீங்கி, காய்ந்த குச்சிக் கட்டுகளாகச் சிலிர்த்து நின்றன. காய்கள் கறுத்துக் கல்லாகத் தொங்கின. கூலி லயத்தில் குடும்பத்துக்குப் பத்தடி அறை ஒன்று. சேலத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த மாரி என்ற கிழவர் என் தமிழைக் கேட்டு ஓடி வந்தார்.

"வெளக்குமாத்து நோயிங்க. ரெண்டு வருசமா தொரைக்குத் தெரியும். யாரு தலையில கட்டப் போறாராம்?"

துரையிடம் கேட்டேன். சிரித்தான்.

"உன் ஜனங்கள் மரத்தைப் பார்த்தா வாங்குவார்கள்? உன் கடிதம் போதும். ஊர் போனதும் நீதான் மேனேஜர்."

என்ன நெஞ்சழுத்தம்! ஏழைகளைக் கப்பலேற்றி உழைப்பைத் தின்றவர்கள், ஊரோடு இருந்தவர்களின் மண்ணையும் தின்ன வந்தார்கள். அதற்கு வாயாக இருந்தவன் நான். மூன்று மாதம் அங்கே இருந்தேன். மேனேஜர் நாற்காலியை நினைத்து, இன்னொரு கடிதம் எழுதவில்லை.

திரும்பி வந்தபோது, என் அக்காள் கணவர் ஞானமுத்து தமது ரப்பர் தோட்டத்தை விற்றுப் பங்கு வாங்கியிருந்தார். அக்காளும் நாலு பிள்ளைகளும் அந்த ரப்பரை நம்பித்தான் உண்டார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலையை விட்டேன். அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, கண்டதைக் கண்டபடி சொன்னேன். வெளியே அத்தான் மறித்தார்.

"மக்கா, நல்ல பங்கையெல்லாம் நீயே வளைச்சிப் போடப் பாக்கியா?"

"இல்ல அத்தான். மரம் பூரா செத்துக் கெடக்கு. கண்ணால கண்டேன்."

"கண்டவன் ஏம்லே அங்கேருந்து எழுதல்ல?"



இராஜாக்கமங்கலத்தில் எனக்கிருந்த ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். அக்காள் அழுதாள். அத்தான் பத்திரத்தை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். "தோப்பையே சும்மா தாரான்னா, திரினிதாதுல எம்புட்டு அள்ளியிருப்பான் பாருங்க!"

அந்த மாதம் முடிவதற்குள் தோப்பையும் விற்று, மேலும் பங்கு வாங்கினார். அவரைப் பார்த்து இன்னும் ஏழு வீட்டார் வாங்கினார்கள்.