சூரியகாந்தி சாய்ந்த வருஷம்

கல்யாணமாகி, மாமனார் பாகம் பிரித்துக் கொடுத்த முதல் வருஷம். மலைமேல் எடப்புளி நாட்டில் எங்களுக்கென்று இருந்தது ஒரே காடு. அதில் விளைவதுதான் வருஷம் முழுக்கச் சாப்பாடு. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு விற்கப் போன என் வீட்டுக்காரர், ஒரு பை சூரியகாந்தி விதையும் ஒரு மூட்டை வெள்ளை உப்பு உரமும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். புதுசாக விதைத்துப் பார்க்கச் சொல்லிச் சந்தையில் விவசாய அதிகாரி கொடுத்தாராம். எண்ணெய் வித்துக்கு நல்ல கிராக்கியாம்.

"காடு பூரா இதையே போட்டறலாம். கூட எதையும் கலக்கக் கூடாதாமா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றில் அப்போதுதான் பிள்ளை தங்கியிருந்தது.

"ஏனுங்க, பூவைப் போட்டா களி கிண்டறது? பட்டினி கிடந்து பிள்ளை பெக்க என்னால ஆகாதுங்க. எங்கம்மா ஊட்டுக்கே போயிருவேன்" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நாள் இதே சண்டைதான். கடைசியில் காட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

மலையில் யாரும் ஒற்றை விதை விதைப்பதில்லை. கேழ்வரகு, அவரை, மொச்சை, துவரை எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிக் கிளறி வீசுவோம். நான் அப்படிக் கலக்கும்போது, அவர் விதைத்து மிஞ்சிய சூரியகாந்தியும் கூடைக்குள் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. மிச்ச விதையைக் கண்டால் எங்கள் கை தானாகக் கூடையில் போடும். அவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய பாதிக் காடு முளைத்ததும் அந்த உப்பு உரத்தைத் தூவினார். இலை கருகருவென்று பச்சை கட்டியது. ஒரு தடவை போதும் என்றுதான் அதிகாரி சொல்லியிருந்தாராம். இவருக்குக் கை நிற்கவில்லை, மறுபடி மறுபடி தூவினார். மூட்டையின் அடியில் ஒட்டியிருந்ததை மட்டும் என் பக்கத்து ஓரத்தில் உதறிவிட்டுப் போனார். அவர் செடிகள் ஆளை மறைத்து வளர்ந்தன. செம்மேட்டுக்குப் போகிறவர்களெல்லாம் நின்று பார்க்க, இவர் நடையே மாறிவிட்டது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்.

ஐப்பசி மழை காற்றோடு வந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் அவர் பாதி முழுக்கப் படுத்துக் கிடந்தது. உரம் தின்று கொழுத்த தண்டெல்லாம் சதசதவென்று இருந்தது. ஒரு பூவைப் பிய்த்து விதையை நசுக்கினேன், முக்கால்வாசி பதர். வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை, பயம்தான் வந்தது. என் பாதியை மட்டும் காற்று விட்டா வைத்திருக்கும்? ஓடினேன்.

நின்றுகொண்டிருந்தது. கேழ்வரகு கொஞ்சம் தலை சாய்ந்திருந்தாலும் வேர் பெயரவில்லை. நடுநடுவே குட்டையாக நின்ற சூரியகாந்தியில் மொச்சைக்கொடி சுற்றி ஏறியிருந்தது. பூ சின்னதுதான், உள்ளே பருப்பு கெட்டி. அவர் மூட்டையை உதறிய ஓரத்தில் மட்டும் பூவும் பெரிது, விதையும் நிறைவு. அப்பாடா என்று வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அறுப்பு முடிந்து குதிர் நிறைந்தது. அன்று புதுக் கேழ்வரகில் களி கிண்டினேன். அவர் தலை நிமிராமல் தின்றார். தின்று முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப, நீ உங்கம்மா ஊட்டுக்குப் போக மாட்டேல்ல கண்ணு?" என்றார்.

கோபத்தில் நான் சொன்ன ஒரு சொல்லை, விதைத்த நாளிலிருந்து அவர் மனசில் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

"இல்லீங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் இன்னொரு உருண்டை கேட்டார்.