சீட்டில் வந்த பக்கம்

என் அப்பா சுப்புராயன் லேசில் மனம் மாறுகிறவர் இல்லை. சேலியமேட்டில் இருபது வருடமாகக் கரும்புதான். வேளாண் அதிகாரி மாற்றுப் பயிர் என்று ஆரம்பித்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார். அம்மா ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். நானும் அப்பா கட்சிதான்.

கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் எந்தப் பக்கம் எழுதுவது என்று சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்குக் ‘கரும்பை விடுவோம்’ வந்து தொலைத்தது. எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வெறி ஏறிவிட்டது. தண்ணீர், வெட்ட ஆள் கிடைக்காதது, எதையும் விடவில்லை. படிப்பவர் மனத்தை மாற்ற வேண்டும் என்பதுதான் போட்டி. நிஜமாகவே ஒருவர் மாறிவிடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் பரிசு வாங்கினேன். கட்டுரை அச்சான ஆண்டு மலரை வீட்டு மேசையில் போட்டுவிட்டு மறந்தும் போனேன்.

நேற்று வில்லியனூர்க் கல்லூரி விடுதியிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். சாலையோரம் எங்கள் வயலில், கரும்பு வெட்டிய கட்டைகள் முழங்கால் உயரத்துக்குத் துளிர்த்திருந்தன. அடுத்த வருட விளைச்சலே அதுதான். அதை டிராக்டர் பெயர்த்துப் போட்டுக்கொண்டிருந்தது.

“அப்பா! இன்னாப்பா பண்ற?”

“நீ எழுதனத மூணு தபா படிச்சேன் கீர்த்தி. உளுந்து போட்டுடலாம்.”

“ஐயோ, அது சீட்டுல வந்ததுப்பா! அதுல ஒரு வரிகூட நான் நம்பல!”

அப்பா கையைத் தூக்கி டிராக்டரை நிறுத்தினார். யாரோ வேற்றூர்ப் பெண்ணைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“நம்பாமயே இம்மாம் நல்லா எழுதுவியாடி நீ?”