அன்செல்மோவின் காதுக்கு வராத வண்டு

மரமறுக்கும் பட்டறையில் கண்பார்வை போன பிறகு அன்செல்மோ தன் ராஸ்பெர்ரித் தோட்டத்தைக் காதால்தான் பார்த்தான். விரல்களால் தடவித் தடவிக் கொடிகளைக் கம்பியில் கட்டுவான். வசந்தம் பிறந்ததும், கட்டைவிரல் பருமனில் செம்பொன் ரோமம் போர்த்திய தேனீ இனத்து மலைநாட்டு வண்டு அடித்தொண்டையில் முனகிக்கொண்டு வரும்.

"வந்துட்டா மகராசி!" என்று கத்துவான். "கிழவி, மாத்தேக்குத் தண்ணி வை."

"வண்டு வந்தா உனக்கு எதுக்குய்யா மாத்தே?" என்பாள் மனைவி தெல்மிரா. ஆனாலும் அந்த இலைத் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

எல்லை மலைக்கு அந்தப்பக்கம், சிலி நாட்டில், தக்காளிக் கூடாரங்களில் மகரந்தம் சேர்ப்பதற்காகப் பெட்டி பெட்டியாக வேறு வண்டுகளை இறக்கினார்கள். வெள்ளைப் பின்புறமும் கீச்சுக் குரலும் கொண்ட அவை மலை தாண்டி வந்து பள்ளத்தாக்கையே நிறைத்தன. ஒரு வசந்தத்தில் செம்பொன் ரோம வண்டுகளின் ராணி ஒன்று பறக்க மாட்டாமல் கொடியடியில் ஊர்ந்து கிடப்பதைத் தெல்மிரா கண்டாள். கரண்டியில் சர்க்கரைத் தண்ணீர் காட்டினாள். அது வாய் வைக்கவேயில்லை, மதியத்துக்குள் செத்துப்போனது. வண்டுகளை ஆராய வந்திருந்த ஹிமேனா என்ற பெண்ணிடம் அதைக் கொடுத்தாள்.

"வயித்துக்குள்ள ஒட்டுண்ணிம்மா," என்றாள் ஹிமேனா அடுத்த வாரம். "கண்ணுக்கே தெரியாது. குளிர்காலத்துக்குச் சேத்து வெச்ச கொழுப்பையெல்லாம் தின்னுடும். வந்தேறி வண்டுங்க கொண்டாந்தது, அதுங்களுக்கும் இருக்கு. அதுங்க கூட்டம் பெருசு, தாங்கிக்குது. நம்மளுது தாங்கல."

தெல்மிரா கணவனிடம் இதைச் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில் அவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "காலையில பிளம் மரத்துல ஒண்ணு பாத்தேன்," என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வசந்தத்திலும் அப்படியே சொன்னாள்.

ஒருநாள் ஹிமேனா வீட்டுக்கு வந்து, விவரம் தெரியாமல், "உங்க தோட்டத்துல கடைசியாக் கிடைச்சதைப் பத்திரமா வெச்சிருக்கோம்," என்றாள். அன்செல்மோ, "நான் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டான்.

மறுமுறை வந்தபோது அவள் கொண்டுவந்தாள். ஊசி குத்திய அந்த உடலை ஒற்றை விரலால் வருடினான். "இத்தனை வருஷம் சத்தம்தான் கேட்டேன்," என்றான். "இவ்வளவு லேசா இருக்காளே."

ஹிமேனா போனதும் தெல்மிரா விம்மினாள். "பொய் சொல்லிட்டேன்யா."

"தெரியும் கிழவி. தோட்டம் பூரா அந்தக் கீச்சுச் சத்தம்தானே. நீ சொல்றது கேக்க நல்லாருந்துச்சு, அதான் வாயத் தொறக்கல."

அந்த ஆண்டு வந்தேறி வண்டுகள் பூவுக்குப் பூ கூட்டமாக மொய்த்து மிதித்துச் சிதைத்ததில் பழங்கள் பாதி உருவிலேயே உதிர்ந்தன. கொடி கட்ட அன்செல்மோ பிறகு தோட்டத்துக்குப் போகவில்லை, அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். குளிர் முடிவதற்குள் நுரையீரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கொடிகளைத் தெல்மிரா தனியாகக் கட்டினாள். முடிச்சுகள் அவன் போட்டதுபோல் நிற்கவில்லை.