புள்ளி வைத்த பெயர்

குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாவது மாடி வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதுதான் அவர் வேலை. இருபத்தாறு வருடங்களாக அதையேதான் செய்துகொண்டிருந்தார். வக்கீல்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மைக். ஒரு முறை நிஜ மைக்கே வாங்கி, சுவரில் பெட்டியெல்லாம் மாட்டினார்கள். மூன்றே மாதத்தில் அது கரகரத்து வாயை மூடிக்கொண்டது. இவர் மூடவில்லை.

"மைக் அண்ணே, நம்ம கேஸ் எப்போ வரும்?" என்று கேட்டால், "ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுங்க, சரியா இருக்கும். ரெண்டு குடிச்சா கேஸ் போயிடும்" என்பார்.

கூப்பிடுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் தலைப்பெழுத்து, அதன் புள்ளிக்கு ஒரு மூச்சு நிறுத்தம், பிறகு பெயர். அவசரக்காரர்கள் தலைப்பெழுத்தை விழுங்கிவிடுவார்கள். இவருக்கு அது பிடிக்காது. ஒரே பெயரில் வராந்தாவில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அப்பன் பெயரின் முதல் எழுத்துதான் இவன் இன்னான் என்று பிரித்துக் காட்டும் என்பது அவர் கட்சி. இப்படி மூன்று தடவை. முதல் தடவை வராந்தாவுக்கு, இரண்டாவது படிக்கட்டுக்கு, மூன்றாவது கீழே டீக்கடைக்கு. அதற்கும் பதில் வராவிட்டால் உள்ளே போய், "கூப்பிட்டாச்சும்மா, ஆஜராகலை" என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டுத் திரும்புவார். அதன்பிறகு மூச்சிரைக்க ஓடிவருகிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு: "கூப்பிட்டப்ப வந்திருக்கணும்யா." எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பார். சொன்ன பிறகு ஒரு நாளும் சோறு இறங்காமல் இருந்ததில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று நினைக்க வேண்டாம், வேலை அப்படி.

வீட்டில் மனைவி போய் ஒன்பது வருடம். ஒரே மகன் லிஃப்ட் மெக்கானிக். மருமகள் நர்ஸ். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக்கொண்டு போனபோது, பள்ளிக்கூடம் கெடக்கூடாது என்று எட்டு வயதுப் பெண்ணை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனாள். மகளை வாரி அணைத்துக்கொண்டு படியிறங்க முடியாமல் நின்ற மருமகளை இவரால் வெறுக்க முடியவில்லை.

பேத்திக்குப் பிடித்த விளையாட்டு கோர்ட்டு விளையாட்டு. துண்டைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு குளியலறைக் கதவருகே நிற்பாள். தாத்தா மாதிரியே தலைப்பெழுத்தைச் சொல்லி, மூச்சு நிறுத்தி, அப்பாவின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவாள். அவன் முகமெல்லாம் ஷேவிங் நுரையோடு ஓடிவந்து, கைகட்டி, "ஆஜர்!" என்பான். கொஞ்சம் தாமதமானால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கூப்பிட்டப்ப வந்திருக்கணும்யா" என்பாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லாத காலம் அது.

பிறகு ஒரு நாள், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே ஒரு அம்மாள் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டார். பராமரிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், முந்தின வாரம் சோதனை செய்ததாக மகனின் பெயர் எழுதியிருந்தது. அவன் அந்தப் பக்கமே போகவில்லை. மேற்பார்வையாளர் உட்கார்ந்த இடத்தில் நிரப்பி வைத்த வரி அது. "நான் போகவே இல்லை சார்" என்று தலையால் அடித்துக்கொண்டான். "பேப்பர்ல உன் பேர் இருக்கே" என்றார்கள். வேலை போயிற்று.

"நான் பண்ணாததை என் பேர் பண்ணியிருக்குப்பா" என்று வீட்டுக்கு வந்து சொன்னான். அதையே பல நாள் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோபம் ஆறினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். அந்த அசட்டையை நினைத்து இன்றைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கோட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். டயர் கடைக்கு மேலே ஒரு கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் சட்ட வகுப்பு நடத்தினார். சட்டம் படித்தவரா என்று கேட்டால், படித்தவர்களுக்கு உண்மை தெரியாது என்பார். அவருடைய உண்மை இதுதான்: பிறந்தபோது பெற்றவர்கள் வைத்தது பெயர். அதன் முன்னால் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் போட்டு அரசாங்கம் எழுதிக்கொண்டது வேறு. புள்ளி விழுந்த நிமிடமே அது ஒரு கம்பெனி. கோர்ட்டு கூப்பிடுவது அந்தக் கம்பெனியை. அசட்டுத்தனமாக "ஆஜர்" என்று சொல்லிவிட்டால் கம்பெனியின் பாரமெல்லாம் நம் தலையில். சொல்லாதவனை எந்தக் கோர்ட்டும் தொட முடியாது.

செய்யாத தப்புக்குப் பெயரைச் சுமந்தவனுக்கு இது எப்படி இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அது என் பேரோட முதல் எழுத்துடா" என்றார் மைக். "நான் என்ன கம்பெனியா?"

"உங்களுக்குப் புரியாதுப்பா. நீங்க அவங்க ஆளு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பேத்தி தலையைத் தூக்கி, தன் நோட்டுப் புத்தகத்து அட்டையைக் காட்டினாள். "என் பேர்லயும் புள்ளி இருக்கேப்பா. நானும் கம்பெனியா?"

அவன் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனான்.

"ஊர்ல அவனவன் பிள்ளை பெரும்புள்ளி ஆகுறான். எனக்கு வாய்ச்சது சின்னப் புள்ளியில சிக்கிக்கிட்டு நிக்குது" என்று தலைமை எழுத்தரிடம் சொல்லிச் சிரித்தார் மைக். தலைமை எழுத்தர் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் மருமகளின் மனு பதிவாகியிருந்தது. மகள் யாரிடம் இருப்பது என்று முறைப்படி எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருந்தாள்.

சண்டைக்கு அவள் வரவில்லை என்பதுதான் கொடுமை. முதல் வாய்தாவிலேயே, "பொண்ணு இங்கயே படிக்கட்டும் மேடம். லீவுக்கு என்கிட்ட அனுப்பினா போதும்" என்று சொல்லிவிட்டாள். நீதிபதிக்கும் அதுவே சரியாகப் பட்டது. குழந்தையின் அப்பா கூண்டருகே வந்து, நான்தான் இன்னார் என்று சொல்லி, பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன் என்று ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அஞ்சு நிமிட வேலை. அவன் சிவப்பு மையில், "புள்ளி வைத்த பெயரின் பொறுப்பை ஏற்காமல், உயிருள்ள மனிதன்" என்று எழுதிக் கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுத்தான். தாள் திரும்பி வந்தது.

இரண்டாவது வாய்தாவில் பதினோரு பக்கம் வாசித்தான். நீதிபதி அம்மா முழுவதையும் கேட்டார். வாசலில் நின்ற மைக்குக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு வருடமாக நகர்ந்தது.

"இதே தாள் இந்த வருஷம் எனக்கு ஏழாவது தடவையா வருது" என்றார் நீதிபதி. "ஏழுலயும் நாலாம் பக்கத்துல 'உரிமை'ங்கிற வார்த்தை ஒரே மாதிரி தப்பா இருக்கு. எழுதிக் கொடுத்தவர் யாரோ, அவர் எந்தக் கோர்ட்லயும் வந்து நிக்க மாட்டார். நிக்கிறது நீங்கதான். நான் கோவமாச் சொல்லலை. இந்த வாதம் எங்கயும் ஜெயிச்சதில்லை. பேர் ஒரு ஆளை அடையாளம் காட்டத்தான் இருக்கு. புள்ளி வெச்சாலும் வெக்காட்டியும் ஆள் ஒருத்தர்தான்."

"நான் அதுக்கு ஒப்புக்கலை."

"சரி. அந்தக் குழந்தைக்கு நீங்க யாரு?"

"அப்பா."

"குழந்தையோட பிறப்புச் சான்றிதழ்ல அப்பான்னு இருக்கிறது இந்தப் பேர்தான். இது நீங்க இல்லேன்னா, பொண்ணை என்கிட்ட விடுங்கன்னு கேக்குறது யாரு?"

அவன் கையிலிருந்த தாள்களைப் புரட்டினான். பதினோரு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவன் முகத்தில் பழைய மகன் தெரிந்தான். பிறகு, "நான் ஒப்புக்கலை" என்றான் மறுபடியும்.

நீதிபதி அவனுக்கு இலவச வக்கீல் ஒருவரை ஏற்பாடு செய்தார். வக்கீல் கையெழுத்துப் போட்டுத் தரச்சொன்ன முதல் தாளிலேயே புள்ளி இருந்ததால், அவரையும் வேண்டாம் என்றான். அடுத்த வாய்தாதான் கடைசி என்று உத்தரவாயிற்று. தான் யாருமே இல்லை என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் ஒரு குழந்தையை எப்படி ஒப்படைப்பது என்று நீதிபதி கேட்டதில் தப்பே கிடையாது. மைக்குக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

கடைசி வாய்தாவன்று காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே மகன் சொன்னான்: "நீங்கதானேப்பா கூப்பிடுவீங்க? புள்ளி இல்லாம கூப்பிடுங்க. வந்துடுறேன்."

"பட்டியல்ல இருக்கிறபடிதான்டா கூப்பிடணும்."

"அப்போ பாத்துக்கலாம்."

கோர்ட்டில் தலைமை எழுத்தர் அவரைத் தனியாக அழைத்து, "இன்னிக்கு அந்த ஒரு கேஸுக்கு மட்டும் வேற ஆளைக் கூப்பிடச் சொல்றேன். நீங்க கேன்டீன்ல உக்காருங்க" என்றார்.

"வேணாங்க. என் குரலுக்கு வருவான்."

அப்படித்தான் நம்பினார். நாலு வயதில் கூட்டத்தில் தொலைந்தபோது இந்தக் குரலைக் கேட்டுத்தான் வந்து காலைக் கட்டிக்கொண்டான்.

பட்டியலில் ஒன்பதாவது. மகன் பத்தடி தூரத்தில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றான். கோட்டுக்காரர் எதிர் பெஞ்சில். பேத்தி உள்ளே, குழந்தைகள் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அவர் கூப்பிட்டார். தன் பெயரின் முதல் எழுத்து, புள்ளிக்கு ஒரு மூச்சு, பிறகு மகனுக்குத் தானே தேடித்தேடி வைத்த பெயர். மகன் தரையைப் பார்த்தான்.

இரண்டாவது தடவை படிக்கட்டுக்கு. ஏறிக்கொண்டிருந்த வக்கீல் ஒருவர் அப்படியே நின்றார்.

மூன்றாவது தடவை குரல் பாதியில் உடைந்தது. இருபத்தாறு வருடத்தில் உடையாத குரல். ஆனாலும் டீக்கடை வரை கேட்டது.

விதிப்படி அவர் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. நாலாவது தடவையாக, எழுத்தை விட்டுவிட்டு, புள்ளியை விட்டுவிட்டு, தன் அடையாளத்தை மகன் பெயரிலிருந்து தானே வெட்டி எறிந்துவிட்டு, வெறும் பெயரைக் கூப்பிட்டார். வீட்டில் சோறு போட்டு வைத்துக் கூப்பிடுகிற மாதிரி. "வாடா, கண்ணு" என்று வேறு சொன்னார்.

மகன் ஒரு அடி எடுத்து வைத்தான். சத்தியமாக எடுத்து வைத்தான். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கோட்டுக்காரர் கண்ணை மூடி, மெல்லத் தலையாட்டினார், தந்திரம், போகாதே என்று. அவன் நின்றுவிட்டான்.

மைக் உள்ளே போனார். திறந்த கதவு வழியே மகனின் நீலச் சட்டை தெரிந்தது. நீதிபதியும் அதைப் பார்த்தார்.

"வெளியில நிக்கிறாரா?"

"நிக்கிறாரும்மா." பெற்ற பிள்ளையை மரியாதை போட்டுச் சொன்னது அன்றுதான்.

"ஆஜராகிறாரா?"

தலைமை எழுத்தர் குனிந்துகொண்டார். நீதிபதி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"கூப்பிட்டாச்சும்மா. ஆஜராகலை."

உத்தரவு நீளமாக இல்லை. குழந்தை அம்மாவோடு. அப்பா தன் பெயரில், தன் கையெழுத்தில் மனு கொடுத்தால் பார்க்க வருவதைப் பற்றி முடிவு செய்யப்படும். நீதிபதி கையெழுத்திட்டு வழக்குக் கட்டைக் கீழே கொடுத்தார். மருமகள் ஜெயித்தவள் மாதிரி இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வராந்தாவில் கோட்டுக்காரர் இருந்த இடம் காலி. பேத்தி பையை மாட்டிக்கொண்டு வந்தாள். அம்மா ஊருக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

"தாத்தா, அப்பாவைச் சரியாக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்டா தங்கம்."

"சத்தமா?"

"சத்தமாத்தான்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கம் சுவரைப் பார்த்து நின்ற அப்பாவைப் பார்த்தாள். பையை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டு, கோர்ட்டு வாசலில், தாத்தா நிற்கிற அதே இடத்தில் நேராக நின்றாள். தலைப்பெழுத்தைச் சொன்னாள். புள்ளிக்கு மூச்சு நிறுத்தினாள். பெயரைச் சொன்னாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

அவன் திரும்பினான். அவள் பையின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டில், அவள் பெயருக்கு முன்னால் அவனுடைய முதல் எழுத்து இருந்தது, புள்ளியோடு. கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

"ஆஜர்" என்றான்.

வராந்தா முழுவதும் அதைக் கேட்டது. உள்ளே அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். "அப்பா, இப்ப உள்ள போய்ச் சொல்லிடலாமாப்பா? சொல்லிடுறேன்ப்பா. புள்ளியோடயே சொல்லிடுறேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடமும் நாக்கின் நுனியிலேயே வைத்திருந்த பதில் இப்போதும் அங்கேயே இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

பேத்திதான் சொன்னாள். விளையாட்டில் அடுத்து அதுதானே வரும். இடுப்பில் கை வைத்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்து, "கூப்பிட்டப்ப வந்திருக்கணும்யா" என்றாள். அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.